கூட்டமுள்ள பூங்காவில் டிஸ்க் கால்ஃப் ஆடலாமா? சந்தேகங்களும் விளக்கங்களும்

ஜி.எஸ்.டி. சாலைக்கும் ரயில் பாதைக்கும் இருபுறமும் வீடுகள் பெருகிவிட்ட, செங்கல்பட்டு மாவட்டத்து ஊரப்பாக்கத்தில் திறந்தவெளி என்பது அரிய சொத்து. காலையில் நடைப்பயிற்சிக்காரர்கள், மாலையில் சறுக்குமரத்தைச் சுற்றிக் குழந்தைகள், பெஞ்சுகளில் பெரியவர்கள், ஒரு மூலையில் டென்னிஸ் பந்து கிரிக்கெட் என ஒரே பூங்காவை எல்லோரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். அதற்குள் டிஸ்க் கால்ஃப் போன்ற புது விளையாட்டையும் கொண்டுவரலாமா என்று கேட்டால் ஆவலும் எழும், அச்சமும் எழும். இரண்டுக்கும் நியாயம் உண்டு. வழக்கமாக எழும் சந்தேகங்களுக்கு இங்கே விளக்கம் தருகிறோம்.

டிஸ்க் கால்ஃப் என்றால் என்ன? பெசன்ட் நகர் கடற்கரையில் ஆடுகிறார்களே, அதுவா?

அது வேறு, இது வேறு. பெசன்ட் நகர் மணலில் இளைஞர்கள் ஆடுவது ‘அல்டிமேட்’. இரண்டு அணிகள் டிஸ்க்கைக் கைமாற்றிக்கொண்டே போய் எதிரணியின் எல்லைக்குள் பிடித்துப் புள்ளி எடுக்கும் ஆட்டம் அது. கடற்கரை அல்டிமேட்டில் அணிக்கு ஐந்து பேர். களம் 75 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம். ‘சென்னை ஹீட்’ என்ற போட்டிக்கு நாட்டின் பல நகரங்களிலிருந்தும் அணிகள் வருகின்றன.

டிஸ்க் கால்ஃப்பில் அணி கிடையாது. இரும்புக் கம்பத்தில் சங்கிலிகள் தொங்கும். அவற்றுக்குக் கீழே ஒரு கூடை இருக்கும். குறித்த இடத்தில் நின்று டிஸ்க்கை எறிய வேண்டும். அது விழுந்த இடத்திலிருந்து அடுத்த எறி. குறைந்த எறிகளில் டிஸ்க்கைக் கூடைக்குள் சேர்ப்பவர் வெற்றி பெறுவார். எறியத் தொடங்கும் இடத்திலிருந்து கூடைவரை ஒரு ‘ஹோல்’. இப்படி 9 அல்லது 18 ஹோல்கள் சேர்ந்தால் ஒரு களம். பெயரில் ஹோல் இருந்தாலும் தரையில் குழி எதுவும் தோண்டுவதில்லை.

ஃபிரிஸ்பீ டிஸ்க்கின் பறக்கும் தன்மையை மேம்படுத்தி 1967-இல் காப்புரிமை பெற்ற எட் ஹெட்ரிக் என்ற அமெரிக்கர்தான் இந்த ஆட்டத்துக்கு ஒழுங்கான வடிவம் தந்தார். கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் 1975-இல் முதல் நிரந்தரக் களத்தை அமைத்தார். அடுத்த ஆண்டே டிஸ்க் கால்ஃப் வீரர்களுக்கான சங்கத்தையும் தொடங்கினார். ஆக, இந்த ஆட்டம் பிறந்ததே ஒரு பொதுப் பூங்காவில்தான். பூங்காவைப் பிறரோடு பகிர்ந்துகொள்வது எப்படி என்ற கேள்வியும் கூடவே பிறந்தது.

பிளாஸ்டிக் தட்டுதானே, பட்டால் என்ன ஆகிவிடும்?

இப்படி நினைப்பதுதான் முதல் ஆபத்து. குழந்தைகள் கடற்கரையில் வீசும் மெல்லிய தட்டு அல்ல இது. விதிப்படி ஒரு டிஸ்க் 200 கிராம் வரை இருக்கலாம். கிரிக்கெட் பந்தின் எடை 156 முதல் 163 கிராம். அதைவிடக் கனமான டிஸ்க்கும் இருக்கலாம்.

டிஸ்க்குகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். கூடைக்கு அருகிலிருந்து எறிவது ‘பட்டர்’. அதன் விளிம்பு மழுங்கலாக இருக்கும். நடுத்தூரத்துக்கு உரியது ‘மிட்ரேஞ்ச்’. நெடுந்தூரத்துக்கு ‘டிரைவர்’, காற்றைக் கிழித்துப் போவதற்காகவே அதன் விளிம்பைக் கூர்மையாகச் செய்கிறார்கள். தேர்ந்த வீரர் எறியும் டிரைவர் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும். 2016-இல் அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் ஒரே எறியில் 338 மீட்டர் தூரம் போயிருக்கிறது. அப்படிப்பட்ட விளிம்பு முகத்திலோ கண்ணிலோ பட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

பொதுப் பூங்காவில் டிரைவரை உறையிலிருந்து எடுக்கவே கூடாது. அங்கே பட்டர் போதும். சிறுவர்கள் இருந்தால் ரப்பர் அல்லது துணி டிஸ்க் மட்டும்தான்.

பூங்காவில் யாருக்கு முன்னுரிமை? நடக்க வருபவர்கள்தான் ஒதுங்கிப் போக வேண்டுமா?

இல்லை. நடப்பவருக்கும், உட்கார்ந்திருப்பவருக்கும், ஓடியாடும் குழந்தைக்கும்தான் முன்னுரிமை. டிஸ்க் கால்ஃப் விதிகளும் இதையேதான் சொல்கின்றன: எறியும் டிஸ்க் ஒருவர்மீது பட வாய்ப்பிருந்தால் எறியக் கூடாது. எதிரே வருபவர் கடந்து போகும்வரை காத்திருக்க வேண்டியது எறிபவரின் கடமை.

இதற்குக் காரணம் எளிது. என்ன நடக்கப்போகிறது என்று எறிபவருக்கு மட்டும்தான் தெரியும். பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு போகும் பாட்டிக்கு, ஐம்பது மீட்டருக்கு அப்பால் ஒருவர் கையை ஓங்கியிருப்பது தெரியாது. காதில் இயர்போன் மாட்டி நடக்கும் இளைஞருக்கும் தெரியாது. தெரிந்தவர்தான் பொறுத்திருக்க வேண்டும். இந்த ஒரு விதியை ஏற்காதவருக்குப் பொதுப் பூங்காவில் ஆட உரிமை இல்லை என்று உறுதியாகவே சொல்லலாம்.

எறிந்த பிறகு உரக்கக் கத்தி எச்சரித்தால் போதாதா?

போதாது. கை தவறிய டிஸ்க்குக்கு அது கடைசி முயற்சி மட்டுமே, முன்ஜாக்கிரதை ஆகாது. சத்தம் கேட்டதும் மனிதர்கள் இயல்பாகச் செய்வது, சத்தம் வந்த திசையில் முகத்தைத் திருப்புவதுதான். முதுகில் பட வேண்டியது முகத்தில் பட்டுவிடும். கத்தத்தான் வேண்டும் என்றால் “தலையைக் குனிங்க” என்று செய்ய வேண்டியதைச் சொல்லிக் கத்துங்கள்.

இதைவிட நல்ல வழி, ஆளை முன்னே நிறுத்துவது. மரம், புதர், திருப்பம் என்று பார்வையை மறைக்கும் எதுவும் வழியில் இருந்தால், குழுவில் ஒருவர் முன்னே போய் நிற்க வேண்டும். அவர் கையை உயர்த்தினால் எறியலாம். கை இறங்கியிருந்தால் யாரோ வருகிறார்கள் என்று பொருள்.

எங்கள் நகரில் உள்ள பூங்காவில் 9 ஹோல் களம் அமைக்க இடம் போதுமா?

பெரும்பாலும் போதாது. கணக்கைப் பாருங்கள்.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் நீங்கலாக 10 விழுக்காடு இடத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். ஓ.எஸ்.ஆர். நிலம் என்று நாம் சொல்வது இதைத்தான். 10,000 சதுர மீட்டர் என்பது சுமார் இரண்டரை ஏக்கர். அந்த அளவுள்ள மனைப்பிரிவில் அதிகபட்சம் 1,000 சதுர மீட்டர் பூங்கா கிடைக்கும். அதாவது சுமார் 25 சென்ட், நாலரை கிரவுண்ட். சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 32 மீட்டர்கூட வராது.

டிஸ்க் கால்ஃப்புக்கோ ஒரு ஹோலுக்கு ஏறத்தாழ ஒரு ஏக்கர் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. புதிதாகப் பழகுபவர் 50 மீட்டர் எறிகிறார் என்று வைத்துக்கொள்வோம். கை 20 டிகிரி திசை மாறினால், டிஸ்க் இலக்குக்குச் சுமார் 17 மீட்டர் பக்கவாட்டில் போய் விழும். 32 மீட்டர் பூங்காவில் அது சுற்றுச்சுவரைத் தாண்டித் தெருவுக்கோ பக்கத்து வீட்டு மாடிக்கோ போய்விடும். ஆகவே மனைப்பிரிவுப் பூங்காக்களில் முழுக் களம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அப்படியானால் சிறிய பூங்காவில் எதுவுமே ஆட முடியாதா?

முடியும். கூடையிலிருந்து 10 மீட்டருக்குள் நின்று எறிவதை ‘பட்’ என்பார்கள். ஆட்டத்தின் நுணுக்கமே இங்குதான் இருக்கிறது. தூரமாக எறிந்து முன்னேறியவர்கள்கூட இந்த வட்டத்துக்குள் தடுமாறித் தோற்பது உண்டு. நடுவில் ஒரு கூடை, அதைச் சுற்றி 3, 5, 7, 10 மீட்டரில் சுண்ணாம்புக் கோடுகள், ஒருவருக்குப் பத்து எறிகள். இவ்வளவு இருந்தால் ஒரு மாலைப்பொழுது போய்விடும். டிஸ்க் மெதுவாகத்தான் போகும். தவறினாலும் சில அடிகளில் விழுந்துவிடும்.

இதிலும் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். கூடையை நடைபாதையை ஒட்டியோ ஊஞ்சலுக்குப் பக்கத்திலோ வைக்கக் கூடாது. எறிபவர்கள் எல்லோரும் ஒரே பக்கத்தில் நிற்க வேண்டும்; கூடைக்குப் பின்னால் சுவரோ புதரோ காலியிடமோ இருக்க வேண்டும்.

கூடைக்காகக் கடை தேடி அலைய வேண்டியதில்லை. பழைய சைக்கிள் ரிம் ஒன்றைக் கம்பத்தின் உச்சியில் பொருத்தி, அதிலிருந்து பத்துப் பன்னிரண்டு மெல்லிய சங்கிலிகளைத் தொங்கவிட்டு, கீழே பாதியாக வெட்டிய டிரம்மை மாட்டித் தரச் சொன்னால் எந்த வெல்டிங் பட்டறையிலும் செய்து தருவார்கள். வெட்டிய விளிம்பை மடக்கி வாங்குங்கள். கனமான அடித்தட்டு வைத்தால் தரையில் தோண்டாமலே நிற்கும். ஆட்டம் முடிந்ததும் எடுத்து வைத்துவிடலாம்.

யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? நலச் சங்கம் சம்மதித்தால் போதாதா?

குடியிருப்போர் நலச் சங்கத்தின் சம்மதம் வேண்டும். ஆனால் அது மட்டும் போதாது. ஓ.எஸ்.ஆர். நிலம் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்குப் போய்விட்ட பொதுச் சொத்து. பூங்காக்களும் விளையாட்டுத் திடல்களும் வேறு பயன்பாட்டுக்குப் போய்விடாமல் காப்பதற்கென்றே 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் சட்டம் இருக்கிறது. பூங்காவில் நிரந்தரமாக எதை நடுவதென்றாலும் உள்ளாட்சியின் எழுத்துப்பூர்வமான அனுமதி தேவை.

ஊராட்சியாக உள்ள இடங்களில் கிராம சபை நல்ல வாய்ப்பு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடும். அங்கே கோரிக்கை வையுங்கள். எந்த நேரம், எந்த மூலை, எந்த வகை டிஸ்க், யார் பொறுப்பு என்று நான்கு வரியில் எழுதிக் கொடுங்கள். ஆட்சேபம் சொல்பவர்கள் அங்கேயே சொல்லட்டும். முன்கூட்டியே கேட்ட ஆட்சேபம் பின்னால் வரும் சண்டையைத் தவிர்க்கும்.

கிளாம்பாக்கம் பூங்கா, வண்டலூர் காடு, ஏரிக்கரை இவற்றில் ஆடலாமா?

கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தை ஒட்டிய காலநிலைப் பூங்காவை அமைத்தது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.). ஆகவே அவர்களைத்தான் கேட்க வேண்டும். கையில் பையும் இடுப்பில் குழந்தையுமாக வெளியூர்ப் பயணிகள் வந்துபோகும் இடம் அது. இன்று வருபவர் நாளை வருவதில்லை. எந்த மூலையில் டிஸ்க் பறக்கும் என்று அவர்களுக்குப் பழகவும் வழியில்லை. முனையத்தையொட்டிய பகுதி இதற்குப் பொருந்தாது.

வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவையும் அதைச் சுற்றிய காப்புக்காட்டையும் இந்தப் பட்டியலிலேயே சேர்க்க வேண்டாம். வனத்துறையின் கட்டுப்பாட்டில் உள்ள இடங்கள் அவை. அங்கே காணாமல்போகும் ஒவ்வொரு டிஸ்க்கும் விலங்கு கடித்து விழுங்கக்கூடிய பிளாஸ்டிக்.

ஏரிக்கரைகளும் வேண்டாம். கரையை வெட்டிக் கம்பம் நடுவது கரையைப் பலவீனப்படுத்தும். தண்ணீருக்குள் போன டிஸ்க்கை எடுக்கப் பிள்ளைகள் இறங்குவார்கள். இந்தப் பகுதி ஏரிகளில் சேற்றின் ஆழம் கரையிலிருந்து பார்த்தால் தெரியாது. ஒரு டிஸ்க்குக்காக யாரும் உயிரைப் பணயம் வைக்கக் கூடாது.

மாமல்லபுரத்தில் அழகான புல்வெளி இருக்கிறதே?

அந்தப் புல்வெளிகள் 1984-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற பல்லவர் சின்னங்களின் சுற்றுப்புறம். 2010-இல் திருத்தப்பட்ட தொல்சின்னங்கள் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. கான்கிரீட் போட்டுக் கம்பம் நடுவதை அங்கே நினைத்துப் பார்க்கவே முடியாது. செங்கல்பட்டு மாவட்டத்தில் பெருங்கற்காலக் கல்வட்டங்கள் உள்ள பல இடங்களும் இப்படிப் பாதுகாக்கப்பட்டவை. ஊரருகே வெற்றுப் பொட்டல் என்று தோன்றும் இடத்தில் தொல்லியல் துறையின் நீலப் பலகை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே யோசிக்க வேண்டும்.

கம்பமே நடவில்லை என்றாலும், ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் தாண்டி நிற்கும் சிற்பத்துக்கு முன்னால் டிஸ்க் எறிவது தகாது. கடற்கரை மணலில் ஆடலாமே என்றால், மீனவர்கள் படகு ஏற்றி வலை காயவைக்கும் இடம் அவர்களின் தொழிற்கூடம். அதைவிட்டுத் தள்ளி, கூட்டமில்லாத வேளையில், எடுத்துச் செல்லும் கூடையோடு ஆடினால் யாருக்கும் தொல்லை இராது.

காற்று அடித்தால் டிஸ்க் எங்கேயோ போகிறதே, ஏன்?

வலக்கைக்காரர் உள்ளங்கை உள்பக்கம் இருக்க, கையை மடக்கி விரித்து எறியும்போது, மேலிருந்து பார்த்தால் டிஸ்க் கடிகாரச் சுற்றில் சுழலும். வேகம் குறையக் குறைய அது இடப்பக்கம் சாய்ந்து விழும். இடக்கைக்காரருக்கு நேர்மாறு. எதிர்காற்று அடித்தால் டிஸ்க்குக்கு வேகம் கூடியதுபோல் ஆகி, வலக்கைக்காரரின் டிஸ்க் வலப்பக்கம் திரும்பும். பின்காற்றில் மிதப்பு குறைந்து சீக்கிரமே இடப்பக்கம் இறங்கிவிடும்.

நம் பக்கத்தில் கோடை நாட்களில் முற்பகலில் மேல்காற்று வீசும். பிற்பகலில் கடல்காற்று எதிர்த்திசையில் நுழையும். கடலிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஊரப்பாக்கத்துக்கு அது மாமல்லபுரத்தைவிடத் தாமதமாக வரும். காலையில் பாதுகாப்பாக இருந்த கோணம் மாலையில் ஆபத்தாக மாறலாம். ஆகவே எறியும் பாதையின் இருபுறமும் இடம் விட வேண்டும். மரக்கிளைகள் விடாமல் ஆடும் அளவுக்குக் காற்று இருந்தால் அன்றைக்கு ஆட்டம் வேண்டாம்.

மரங்களுக்குச் சேதம் வருமா?

வரும். ஒரே மரத்தில் டிஸ்க் திரும்பத் திரும்பப் பட்டால் பட்டை உரியும். ஒரே தடத்தில் பலர் நடந்தால் புல் அழிந்து மண் இறுகும், மழையில் அரிக்கும். அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் பீஸ் பூங்காவில் இருந்த புகழ்பெற்ற டிஸ்க் கால்ஃப் களத்தை 2011-இல் மூட வேண்டியதாயிற்று. அளவுக்கு மீறிய பயன்பாட்டால் மண் அரித்து, மரவேர்கள் பாதிக்கப்பட்டதே காரணம். களத்தை வேறு பூங்காவுக்கு மாற்றினார்கள்.

வடகிழக்குப் பருவமழையில் வாரக்கணக்கில் ஈரம் காயாத நம் மண்ணுக்கு இது முக்கியமான பாடம். கூடையை மாதம் ஒருமுறை இடம் மாற்றுங்கள். இளமரங்களுக்கு அருகே எறியாதீர்கள். பாதையில் வரும் மரத்துக்கு மார்பளவு உயரம்வரை தென்னங்கயிறு சுற்றுங்கள். ‘வழியை மறைக்கிறது’ என்று எந்தக் கிளையையும் வெட்ட வேண்டாம். நிழல்தான் பூங்காவின் முதல் வசதி.

யாருக்காவது அடிபட்டால் சட்டப்படி என்ன ஆகும்?

‘விளையாட்டில் நடந்தது’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சம்ஹிதாவின் 125-ஆவது பிரிவு, பிறர் பாதுகாப்புக்கு ஊறு செய்யும் அஜாக்கிரதையான செயலைக் குற்றமாக்குகிறது. காயம் ஏற்பட்டால் ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். கொடுங்காயம் என்றால் மூன்று ஆண்டு வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ. நஷ்டஈடு கேட்டு உரிமையியல் வழக்கும் போடலாம்.

அடிபட்டவர் நன்றாக இருப்பதாகச் சொன்னாலும், கண்ணிலோ தலையிலோ பட்டிருந்தால் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். தேவைப்பட்டால் 108-ஐ அழையுங்கள். யார் தவறு என்ற விவாதத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு சிக்கல் இருந்தும் இந்த ஆட்டம் எதற்கு?

நல்ல ஆட்டம் என்பதால்தான். புல்தரையைச் செதுக்கித் தண்ணீர் ஊற்ற வேண்டாம், விலையுயர்ந்த மட்டைகள் வேண்டாம், சீருடை வேண்டாம். ஒரு டிஸ்க்கை வைத்துக்கொண்டு நான்கு பேர் ஆடலாம். அப்பா, அம்மா, பள்ளிப் பிள்ளை, தாத்தா நால்வரும் ஒரே களத்தில் அவரவர் எண்ணிக்கையை மேம்படுத்திக்கொண்டே போகலாம். ஒருவரையொருவர் இடிப்பதில்லை, ஓடி மூச்சு வாங்குவதும் இல்லை. சிறுமிகளுக்கு ஆட இடம் கிடைக்காத நம் திடல்களில், பையன்களும் பெண்பிள்ளைகளும் சமமாக நின்று ஆட ஏற்ற விளையாட்டு இது.

அப்படியானால் எங்கிருந்து தொடங்கலாம்?

முழுக் களத்தைச் சுவருக்குள், ஆள் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தக்கூடிய இடத்தில் தொடங்குங்கள். தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இதே மாவட்டத்தில் மேலக்கோட்டையூரில்தான் இருக்கிறது. பெரிய வளாகம் கொண்ட கல்லூரிகள் வண்டலூரிலும் காட்டாங்கொளத்தூரிலும் இருக்கின்றன. அங்கே கேட்டுப்பாருங்கள். விடுமுறை நாளில் பள்ளித் திடலைத் தலைமையாசிரியரிடம் கேட்கலாம்.

பூங்காவில் 10 மீட்டர் வட்டம் மட்டும். பிற்பகல் மூன்று முதல் நாலரை மணிவரை, கூட்டம் சேர்வதற்கு முன் ஆடி முடித்துவிடலாம். நிழலான மூலையைத் தேர்ந்தெடுத்து, தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் வெயிலைக் கருதி நிறுத்திவிடுங்கள். வாசலில் தமிழில் ஒரு பலகை வையுங்கள்: ஆட்ட நேரம், இடம், பொறுப்பாளர். ஒரு மாதம் நடத்திப் பார்த்துவிட்டு, நடைப்பயிற்சிக்கு வருபவர்களிடமும் குழந்தைகளைக் கூட்டிவரும் தாய்மார்களிடமும் கருத்துக் கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் கூடையை எடுத்துவிடுங்கள். பரவாயில்லை என்றால் தொடருங்கள்.

ஊரப்பாக்கத்தில் இனி புதிய திறந்தவெளிகள் உருவாவது கடினம். இருக்கிற சில சென்ட் இடத்தில் நடப்பவரும் ஆடுபவரும் ஒருவரையொருவர் விரட்டாமல் இருப்பதுதான் நம்முன் உள்ள வேலை. அதில் முதல் அடியை எடுத்து வைக்க வேண்டியவர், கையில் டிஸ்க் வைத்திருப்பவர்.